மேலே யார் பெயர்?

குடியேற்ற அலுவலகத்தில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"போச்சுடா! கைக்கு வந்ததை உன் வீட்டுக்காரர் கெடுத்து வெச்சிடுவார் போலிருக்கே" என்றாள் அக்கா.

மடியில் குழந்தை தூங்கியதால் தங்கையால் எழுந்து ஓட முடியவில்லை. குடும்பத்துக்கு ஒருவர் வந்தால் போதும் என்று கவுன்ட்டரில் கூப்பிட்டதும், "நீ உட்காரு, நான் போறேன்" என்று மாஸ்டர்தான் எழுந்து போனார். ஆளுக்கு ஒன்றாக இரண்டு குடியிருப்பு அட்டை. கையெழுத்துப் போட்டு வாங்கி வர இவ்வளவு நேரமா?

இந்த வெளிநாட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. பல் செட் செய்யும் லேபில் தங்கைக்கு வேலை. அந்த வேலைக்கான விசா சும்மா வரவில்லை. மூன்று அதிகாரிகள் முறைத்துப் பார்க்க, ஆறு மணி நேரம் மெழுகைச் சுரண்டி, ஒரு கீழ்த்தாடைப் பல்வரிசை முழுக்கச் செய்து காட்டி வாங்கியது.

மாஸ்டர் அந்த விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவர். சொந்த ஊரில் பள்ளிக்கூட பி.டி. மாஸ்டர். விசில் ஊதினால் ஐந்நூறு பிள்ளைகள் அப்படியே நிற்பார்கள். இங்கே குழந்தைக்கு டயப்பர் மாற்றிக்கொண்டு வீட்டில் இருக்கிறார். தெரிந்தவர்கள் எல்லாம் சேர்ந்து வைத்த பெயர், 'டிபெண்டன்ட் மாஸ்டர்'. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவரும் சிரித்துவைப்பார்.

அக்கா எழுந்து போய்க் கண்ணாடி ஓரமாகக் காதைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"பேர் தகராறுடி. மேல யார் பேரு, கீழ யார் பேருன்னு கத்துறார். 'எப்படி இருந்தா என்ன சார், ரெண்டு பேருமே அஞ்சு வருஷம் தங்கலாம், ரெண்டு பேருமே வேலை செய்யலாம்'னு அந்தப் பொண்ணு கெஞ்சுது. இவர் கேட்டாத்தானே!"

தங்கைக்கு முகம் சுண்டிப்போனது. "ஒரு நாள்கூட அவர் இதைப் பத்திப் பேசினதில்லக்கா."

"எத்தனை நாளைக்கு உள்ளேயே வெச்சிருப்பார்? ஆம்பிளை ரோஷம். பொண்டாட்டி பேருக்குக் கீழ தன் பேரு வந்தா குத்தாதா?"

மாஸ்டர் வெறுங்கையோடு வந்தார்.

"ரெண்டு அட்டையையும் திருப்பிக் கொடுத்துட்டேன். மாத்தி அடிக்கணும். நாலு மணிக்குள்ள முடிஞ்சா இன்னைக்கே தந்துடுவாங்க. இல்லாட்டி ரெண்டு மாசம் கழிச்சுத்தான்."

"பத்து நாள்ல விசா முடியுதுங்க!"

"தெரியும். ஆனா அதை அப்படியே வாங்கிக்கிட்டு என்னால வீட்டுக்கு வர முடியாது."

தங்கை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். விழித்துக்கொண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாஸ்டர் அங்கேயே குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்தார்.

நாலு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம். கவுன்ட்டர் பெண்ணே வெளியே வந்து, அட்டைகளை நேராகத் தங்கையின் கையில் கொடுத்தாள்.

"மன்னிச்சுக்கங்க மேடம். புருஷன் பொண்டாட்டி விண்ணப்பம்னதும், வேலைக்கு வந்தவர் அவர்தான்னு பழக்கத்துல அடிச்சுட்டேன். உங்களை அவரோட டிபெண்டன்ட்னு போட்டிருந்தேன். இப்ப சரியா இருக்கு."

அவள் பார்த்தாள். இரண்டு அட்டையிலும் மேலே, 'பணி அனுமதி பெற்றவர்' என்ற இடத்தில் அவளுடைய பெயர். மாஸ்டரின் அட்டையில் அதற்குக் கீழே அவர் பெயர்; பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'மேற்படியாரைச் சார்ந்தவர்'.

அக்காவுக்குத் தாங்கவில்லை. "ஏன் மாப்பிள்ளை, அதுவா தேடி வந்த மரியாதை! பேசாம வாங்கிட்டு வந்திருந்தா, இனிமே ஒரு பய உங்களைக் கிண்டல் பண்ணியிருப்பானா?"

மாஸ்டர் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"அவ ஓடி ஜெயிச்ச கப்பை, நான் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு போட்டோவுக்கு நிக்கச் சொல்றீங்களா?"