பந்து போடத் தெரியாதவர்கள்

'டொம்.'

தகரத்தில் பந்து விழுகிற சத்தம். பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த பேனாட் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். றஞ்சித் போட்ட பந்து, எதிர் ரீம்காரன் அடித்த சிக்ஸ், யாரோ ஒரு பாவியின் காரின் கூரை.

"இண்டைக்கு இது நாலாவது," என்றார், பக்கத்தில் இருந்த அருளையாவிடம். ரீமுக்குப் பொறுப்பு அருளையாதான்.

இலங்கை உலகக் கிண்ணம் வென்ற வருடம் அது. இத்தாலியில், பலெர்மோவில் இருந்த எங்கடை பொடியளுக்கெல்லாம் கிரிக்கெட் பேய் பிடித்திருந்தது. ஞாயிறானால் மலையடிவாரப் பூங்காவில் சுற்றுப்போட்டி. கோயில் பொடியளின் ரீம் ஐந்து ஞாயிறு தொடர்ந்து தோற்றிருந்தது. இன்றைக்கும் தோற்றால் ஆறு.

அடிக்கிறதில் குறை சொல்ல முடியாது. பந்து போடுகிற மூன்று பேரும்தான், றஞ்சித், சுஜன், ஜோசுவா, சொல்லிவைத்தாற்போல ஒரே நேரத்தில் மோசமாகிப் போனார்கள். ஜோசுவா ஓடி வரும்போதே கொட்டாவி விட்டான். சுஜன் போட்டதெல்லாம் வைட். றஞ்சித்தின் கை தோளுக்கு மேலே எழும்பவே இல்லை.

நாயோடு நடந்துபோன ஒரு இத்தாலியக் கிழவர் நின்று பார்த்துவிட்டு, இது பேஸ்போலா என்று கேட்டார். இவங்கள் போடுகிறதைப் பார்த்தால் தனக்கும் விளங்கவில்லை என்றார் பேனாட்.

பேனாட்டுக்கு ஹேர்னியா ஒப்பரேஷன் நடந்து ஆறு கிழமை. பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் மறித்திருந்தார். அவருடைய வேலையோ தூக்குகிற வேலை. பொலிதேயாமா தியேட்டர்ப் பக்கத்தில் ஒரு வீட்டில், வாதம் வந்து படுத்துவிட்ட கிழவரை இரவிரவாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டிவிட வேண்டும். நல்ல பாரமான மனிதர். அந்த வேலை போனால் பெர்மெஸ்ஸோ, அதுதான் இங்கே இருக்கிறதுக்கான அனுமதி, புதுப்பிக்க ஏலாது. பெர்மெஸ்ஸோ இல்லாவிட்டால் குடும்பத்தோடு நடுத்தெருவில்தான்.

"வீட்டுக்காரச் சின்யோரா தங்கம்," என்று அருளையாவிடம் சொன்னார். "வேறை ஆளெண்டா எப்பவோ என்னை மாத்தியிருக்கும். அவவின்ரை பெறாமகன், சகோதரத்தின்ரை பொடியன், வந்து நிண்டு பாக்கிறானாம். என்ரை மனுசி யோசப்பின் விசாரிச்சவள். இண்டைக்கு இரவு திரும்ப வேலைக்குப் போறன்."

அருளையா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தேத்தண்ணியைக் குடித்தார்.

ரீம் அன்றும் தோற்றது. றஞ்சித் வலது தோளைப் பிசைந்துகொண்டு வந்தான். பேனாட் எழும்பி வழியை மறித்தார்.

"இரவெல்லாம் எங்கையடா ஆடிப்போட்டு வாறியள்? பந்து போட ஏலாட்டி வீட்டிலை படுங்கோ. மற்றச் சனத்தின்ரை ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்காதேங்கோ."

றஞ்சித் கண்களைக் கசக்கினான். கண் இரண்டும் சிவந்து கிடந்தது.

"இனிச் சரியாப் போடுவன் அண்ணை. அடுத்த ஞாயிறு பாருங்கோ."

"அடுத்த ஞாயிறுக்கிடையிலை என்ன, மலைக் கோயில் சாந்தா ரொசாலியா உனக்குப் புதுத் தோள் தரப்போறாவோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். றஞ்சித்தும் சிரித்தான்.

அன்று பின்னேரம் ஏழு மணிக்குப் பேனாட் வேலை வீட்டு மணியை அடித்தார். சின்யோரா வயிற்றுச் சுகம் விசாரித்து உள்ளே கூட்டிப்போனார். கிழவர் ஒருபக்கமாகப் படுத்திருந்தார். முதுகில் ஒரு புண்கூட இல்லை. நன்றாகத்தான் பார்த்திருக்கிறான் பெறாமகன் என்று பேனாட் நினைத்தார்.

கட்டில் தலைமாட்டில் வழக்கமான தாள்கட்டு தொங்கியது. புரட்டிய நேரமும் புரட்டியவர் பெயரும் எழுதுகிற தாள். பேனாட் அதைப் பார்த்தார்.

சுஜன். ஜோசுவா. றஞ்சித். திரும்பவும் சுஜன். கீழ்த் தாள்களையும் புரட்டிப் பார்த்தார். முதல் இரண்டு நாள் தவிர ஆறு கிழமையும் இந்த மூன்று பெயர்தான். கடைசி வரி, இன்று விடிய ஏழு மணி: றஞ்சித். ஆட்டம் தொடங்கினது ஒன்பது மணிக்கு.

பெறாமகன் எங்கே என்று கேட்டார்.

அவன் இரண்டு நாளில் ஓடிவிட்டான் என்றார் சின்யோரா. தான் வேறு ஆள் தேடப் போனபோது, பேனாட்டின் மனுசிதான் இந்த மூன்று பேரையும் கூட்டிவந்தாளாம். பகல் தங்கள் வேலை, இரவு முறை வைத்து இங்கே. கேள்விப்பட்டால் இந்த மனுசன் தையலோடு எழும்பி வந்துவிடும், சொல்ல வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டாளாம்.

"பேஸ்போல் மாதிரி ஏதோ விளையாட்டில் பந்து எறிகிறவர்களாமே. அதுதான் தூக்குகிற பலம் இருந்தது," என்ற சின்யோரா கேட்டார்: "நன்றாக விளையாடுவார்களா?"

பேனாட் தாள்களை நேராக்கிவிட்டார்.

"ஓம் சின்யோரா," என்றார். "அவங்களைப் போலப் போட இஞ்சை ஒருத்தரும் இல்லை."

பிறகு குனிந்து, கிழவரின் முதுகுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்து, மெதுவாக மற்றப் பக்கம் புரட்டினார். வலது தோள் சுளீரென்றது. றஞ்சித் பிசைந்த அதே இடம்.

தலையணையைச் சரிசெய்துவிட்டு, பேனையை எடுத்து றஞ்சித்தின் பெயருக்குக் கீழே நேரத்தையும் தன் பெயரையும் எழுதினார்.