கண்ணாடியில் பாசி

புதுக் கண்ணாடி மீன்தொட்டியில் மறுபடியும் பாசி. பவளப் பாறைகூடப் பச்சையாகிவிட்டது.

“இன்னா பத்ருன்னிசா, போன வாரந்தானே சுரண்டினே?” என்றான் அதாவுல்லா.

“தண்ணி கெட்டுப்போச்சுங்க. மாத்தணும்.”

ஜவ்வாது மலையில் கடுக்காய் வியாபாரம் செய்பவன், புது மனைவி கடலை நினைத்து ஏங்கக் கூடாதென்று வாங்கிவைத்த தொட்டி அது. கடல்தண்ணீர் பிடிக்க லாரி அவள் ஊரான பழவேற்காட்டுக்குத்தான் போகும். நல்ல தண்ணீர் பார்த்துச் சொல்ல அவளும் போவாள். அம்மா வீட்டில் ஒரு ராத்திரி தங்குவாள். மற்ற நாளில் அவள் வாசலைத் தாண்டியதில்லை.

“இனிமே நீ அலைய வேணாம்” என்று பிரியமாகச் சிரித்தான். “மெட்ராஸ்ல விசாரிச்சேன். வெயில் பட்டாத்தான் பாசி புடிக்குமாம்.”

“ஜன்னல்ல திரை போட்டுத்தானேங்க இருக்கு?”

“திரையெல்லாம் பத்தாது. கொத்தனாரு வந்துட்டாரு பாரு.”

அறைக்கு இருந்தது அந்த ஒரு ஜன்னல்தான். சாயங்காலம் கொத்தனார் கடைசிச் செங்கலை வைத்தார்.

தினமும் புருஷன் கிடங்குக்குப் போனதும் திரையை விலக்கி, தொட்டிமேல் வெயிலை விழவிட்ட பத்ருன்னிசா, இருட்டில் விளக்கைத் தேடினாள்.