எக்ஸ்ரேயில் வராத வலி

காலிங் பெல் அடித்ததும் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். கதவுக்கு அல்ல, கணவனின் கழுத்துக்கு. தளர்ந்திருந்த கழுத்து பெல்ட்டை இறுக்கி ஒட்டினாள். முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்தாள். இரண்டு தோளிலும் தைலத்தைத் தேய்த்து, வீடே மணக்க ஆரம்பித்த பிறகுதான் கதவைத் திறக்கப் போனாள். யார் வந்தாலும் இதே கவனிப்புதான்.

இப்படி ஒருத்தி வாய்க்க என்ன புண்ணியம் பண்ணினோமோ என்று நெகிழ்ந்துபோனான் எலக்ட்ரீசியனான கணவன். தலையை ஆட்டி நெகிழத்தான் முடியவில்லை.

வந்தவர் இன்சூரன்ஸ் அதிகாரி. சிக்னலில் நின்ற வேனைப் பின்னாலிருந்து இடித்த லாரியின் இன்சூரன்ஸ். வேனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே உட்கார்ந்திருந்த எலக்ட்ரீசியனின் தலை மட்டும் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை போய்விட்டு வந்தது. அன்றிலிருந்து அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவனோ சீலிங் ஃபேன் மாட்டிப் பிழைக்கிறவன். குனிந்த தலை நிமிராமல் மாட்டுகிற ஃபேனை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"இதுதான் சார் கடைசி ஆஃபர்," என்று அதிகாரி தாளை நீட்டினார். வீட்டு வாடகையோடு சேர்த்துப் பார்த்தால் பெரிய தொகை. கழுத்தோடு சேர்த்துப் பார்த்தால் சின்னத் தொகை.

"இதுல என்னமோ எழுதியிருக்கே சார். 'காயம் நிரூபிக்கப்படாத போதிலும், நல்லெண்ண அடிப்படையில்'னு. அப்ப நான் பொய் சொல்றேன்னு அர்த்தமா?"

"சேச்சே. வலி இல்லன்னு நாங்க சொல்லல. இருக்குன்னு எக்ஸ்ரே சொல்லல. அவ்வளவுதான்."

"எக்ஸ்ரேக்கா சார் வலிக்குது?"

இதே கேள்வியைப் பல வீடுகளில் கேட்டவர் மாதிரி அதிகாரி சிரித்தார். "கீழ கார்ல ஒரு போன் பேசிட்டு வந்துடறேன். அதுக்குள்ள முடிவு பண்ணிடுங்க. வேணாம்னா கோர்ட்டுக்குப் போகலாம். வருஷக்கணக்கா இழுக்கும். அங்கயும் இதே எக்ஸ்ரேதான்."

அவர் போனதும் எலக்ட்ரீசியன் உடைந்துவிட்டான்.

"ஒருத்தன் நம்பலடி. கான்ட்ராக்டர் வந்தாரே, நலம் விசாரிக்கவா வந்தாரு? பேசிக்கிட்டே சாவிக்கொத்தத் தூக்கி மேல போட்டுப் பிடிக்கிறாரு. நான் நிமிர்ந்து பாக்குறேனான்னு!"

"விடுங்க."

"உன் தம்பி என்ன கேட்டான் தெரியுமா? 'மாமா, அந்த டாக்டர் அட்ரஸ் குடுங்க. எனக்கும் ஒரு இடுப்பு வலி ஏற்பாடு பண்ணணும்'ங்கிறான்."

"அவன் கெடக்கான், கிறுக்கன்."

"அந்த டாக்டரே, 'ரொம்ப வலிக்குதோ'ன்னு கேட்டுட்டு நர்ஸைப் பாத்து சிரிக்கிறாரு. எல்லாரும் சொல்லிச் சொல்லி, நெஜமாவே வலிக்குதா, இல்ல பழக்கதோஷத்துல முனகுறேனான்னு எனக்கே சந்தேகமாயிடுச்சு. கையெழுத்துப் போட்டா நான் பித்தலாட்டக்காரன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. போடலன்னா அடுப்பு எரியாது. என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

அவள் எழுந்து போய் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். ஒருநாள் அங்கே கொடியில் கிடந்த சட்டையை எடுக்க அவன் கையைத் தூக்கியபோது, பதறியடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்தவள் அவள். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கான்ட்ராக்டர் வேற ஆள் போட்டுட்டாரு. வீட்டுக்காரர் மாடிப்படியிலயே நின்னு பாக்குறாரு. கோர்ட்டு வரைக்கும் நம்மால தாங்க முடியுமா? ஊரு என்ன வேணா சொல்லிட்டுப் போகட்டும். நான் இருக்கேன்ல?"

எலக்ட்ரீசியனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளாக எவனெவனிடமோ போய்க் கழுத்தைக் காட்டிக் கெஞ்சியது எவ்வளவு முட்டாள்தனம். ஊரே நம்ப வேண்டும் என்று யார் கேட்டது? ஒரே ஓர் ஆள் நம்பினால் போதாதா? அந்த ஆள் சொந்த வீட்டிலேயே, அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது கோர்ட் எதற்கு, ஜட்ஜ் எதற்கு?

அதிகாரி திரும்பி வந்தார்.

"குடுங்க சார், போட்டுடறேன். நீங்க என்ன எழுதியிருந்தாலும் பரவாயில்ல. என்னை நம்புறதுக்கு ஒரு ஆள் இருக்கு."

"ரொம்ப சந்தோஷம் சார்," என்றார் அதிகாரி. யார் அந்த ஆள் என்று கேட்கவில்லை. அது அவர் வேலையும் இல்லை.

பெல்ட்டோடு குனிந்து எழுத முடியாதவனுக்காக மனைவி ஒரு தட்டின் மேல் தாளை வைத்து அவன் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். தட்டு ஆடாமல் நின்றது. இனி எந்தக் காலத்திலும் எதையும் கேட்க மாட்டேன் என்ற வரிக்குக் கீழே கோணல்மாணலாகக் கையெழுத்து விழுந்தது.

அதிகாரி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். மனைவி ஜன்னலோரம் நின்று, கார் தெருமுனையைத் தாண்டும் வரை பார்த்தாள். பிறகு கதவைத் தாழ் போட்டாள். நேராக வந்து, பர்ரென்று பெல்ட்டைப் பிய்த்து எடுத்து சோபாவில் வீசினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

அவனும் சிரித்தான். வலித்தது. ஆனாலும் சிரித்தான்.

அவள் ஆசையாக அவன் கன்னத்தைக் கிள்ளினாள்.

"ஆனாலும் என்னா நடிப்புங்க, ஒண்ணு ரெண்டு நாள் நானே நம்பிட்டேன்."