நாற்பதாவது ரிப்போர்ட்

கள்ளக்குறிச்சி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பச்சமுத்துவின் டெங்கு ரிப்போர்ட் நாற்பதாவது முறையாக அச்சாகி வந்தது. இன்னும் பன்னிரண்டு பேர் தங்கள் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தார்கள். ஆபரேட்டர் ஜெயசுதா, புரோகிராம் எழுதிக் கொடுத்த தமிழழகனுக்குப் போன் செய்தாள்.

"சார், உடனே கெளம்பி வாங்க."

"தியாகதுருகத்துல இட ஒதுக்கீட்டு மறியல்ங்க. ஒரு வண்டி நவுரல. போன்லயே பாத்துடலாம்."

"வேலவெட்டி இல்லாதவனுங்க! இங்க ஜனங்க தவிச்சிக்கினு கெடக்குது."

தமிழழகன் கோஷச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினான்.

"நேத்து அச்சடிக்கறதுக்குப் புதுசா ஒரு ரெடிமேட் புரோகிராம் போட்டோம்ல, பிரிண்ட் லைப்ரரின்னு? ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் அது ஒரு குட்டி புரோகிராமக் கெளப்பி வுடும். அதுக்கு சைல்டுன்னு பேரு. அது வேலைய முடிச்ச சேதிய நம்ம புரோகிராம் குறுக்க பூந்து வாங்கிக்குது. லைப்ரரிக்கு சேதியே வரல. அச்சாவலன்னு நெனச்சி திரும்ப அனுப்புது."

"இப்ப இன்னா பண்றது சார்?"

"எந்த சைல்டு முடிஞ்சாலும் சேதிய வாங்குன்னு நான்தான் எழுதி வெச்சேன். தப்பு என்னுது. நீ கெளப்பினதுக்கு மட்டும் காத்திருன்னு மாத்தணும். சொல்லச் சொல்ல அடிங்க."

அவன் எழுத்து எழுத்தாகச் சொன்னான், அவள் அடித்தாள். பச்சமுத்துவின் ரிப்போர்ட் வருவது நின்றது. அடுத்தவரின் ரிப்போர்ட் வந்தது. ஒரே ஒரு தாள்.

"வந்துட்டுது சார்! நீங்க நல்லா இருக்கணும். அந்த மறியல்காரனுங்கள எப்ப புடிச்சிக்கினு போவாங்களாம்?"

"போலீஸ் வேன் வந்துட்டுதுங்க," என்றான் தமிழழகன். "எனக்கு முன்னாடி இன்னும் நாலு பேரு ஏறணும்."