வேலியோரக் கடலைச் செடி

ஊர்ப் பூங்காவில் யாரும் எதையும் நடக்கூடாது. ஆனாலும் வரியன் என்ற அணில் ஒருவருக்கும் தெரியாமல் வேலியோரம் நிலக்கடலை போட்டு, பிள்ளை மாதிரி வளர்த்தது. செடி பூத்த அன்று காவல்நாய் செவலை மோப்பம் பிடித்துவிட்டது.

“யாருடா இதை நட்டது?”

“எனக்கென்ன தெரியும் அண்ணே? தானா முளைச்சிருக்கும்,” என்றது வரியன்.

வேலிக்கு வெளியே நின்ற ஆடு தலையை நீட்டியது. “அப்போ இது யாருக்கும் சொந்தமில்லையா?”

செவலை அணிலைப் பார்த்தது. அணில் செடியை ஒருமுறை பார்த்தது. “இல்லை,” என்றது.

ஆடு ஓர் இலை விடாமல் தின்றது. “என்ன ருசி! யாரோ நல்லாத் தண்ணி ஊத்தி வளர்த்திருக்காங்க.”

வரியனுக்குப் பெருமை தாங்கவில்லை. “பின்னே? குழாயடியிலிருந்து வாயிலேயே மொண்டு வந்து, தினமும் ரெண்டு வேளை ஊத்தினேனே!”

செவலை குரைத்த குரைப்பில் புளியமரத்து உச்சாணிக்கொம்புக்கு ஏறிய வரியன், இன்னும் இறங்கவில்லை.