புயல்கரனின் ஆறாவது விரல்

"நம்ம புயல்கரனுக்கு வலது கையில ஆறு விரல்!"

சல்லடை போட்ட சத்தத்தில் ஆசிரியர் குழுவில் பாதிப் பேர் எழுந்து வந்துவிட்டார்கள்.

சல்லடை என்பது அந்த நாளிதழின் தலைமை புரூஃப் ரீடருக்கு ஆபீஸ் வைத்த பெயர். முப்பது வருஷத்தில் ஒரு கால்புள்ளிகூட அவரிடம் தப்பியதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம் முதல் நாளே சொல்வார்: "ஒரு இடத்துல வந்தா அது பிழை, திருத்து. எல்லா இடத்துலயும் வந்தா எழுதினவர் வேணும்னே போட்டது. கை வைக்காதே, கேளு."

ஞாயிறு மலரில் பழைய காமிக்ஸைப் புரட்டிக் கிண்டலடிக்கும் பத்தியும் அவருடையதுதான். இந்த வாரம் மாட்டியது, நாற்பது வருஷத்துக்கு முன் வந்த 'புயல்கரன்' முப்பத்தொன்றாம் இதழ்.

"வில்லன் மோட்டார் போட்டுக் கடலையே இறைக்கிறான். அவ்வளவு தண்ணியையும் எங்க விடறான்? கடைசிவரைக்கும் ஒருத்தரும் கேக்கல!" என்று வாசித்துக் காட்டினார். "மூணாம் பக்கத்துல அவனுக்கு மீசை இருக்கு. நாலாம் பக்கத்துல காணோம். அஞ்சாம் பக்கத்துல மறுபடி முளைச்சு நிக்குது. என்ன உரம் போட்டானோ!"

"போதும் சார், வயிறு வலிக்குது" என்றாள் லேஅவுட் பெண்.

ஓவியர் உயிரோடுதான் இருந்தார். நம்பர் தேடிப் பிடித்து சல்லடை போன் போட்டார்.

"மீசையா தம்பி?" மறுமுனையில் கிழவர் கலகலவென்று சிரித்தார். "அன்னிக்கு மை கொட்டிடுச்சு. மீசை இருந்த இடத்துல வெள்ளை அடிச்சேன். அடுத்த பக்கம் போறதுக்குள்ள மறந்துட்டேன். நல்லா எழுதுங்க."

"விரல் விஷயம் ஐயா? எண்ணிட்டேன். வலது கை தெரியற படம் நாற்பத்தொண்ணு. அத்தனையிலும் ஆறு. முந்தின இதழ்ல அஞ்சு, அடுத்த இதழ்லயும் அஞ்சுதான்."

சிரிப்பு நின்றது.

"அது... தப்புதான். என் தப்புன்னே போட்டுக்குங்க."

"சரிங்க."

"ஒண்ணே ஒண்ணு தம்பி. அந்த இதழைத் திரும்ப அச்சுப் போடறாங்களாம். மீசை, மோட்டார் எதை வேணா திருத்தட்டும். அந்த விரலை மட்டும் விட்டுடச் சொல்லி எழுதுவீங்களா?"

"தப்புன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்கு விடணும்?"

"வயசானவன் கேக்கறேன்னு வச்சுக்குங்களேன்."

வறட்டுக் கௌரவம் என்று நினைத்துக்கொண்டார் சல்லடை. பத்தியை இப்படி முடித்தார்: 'தப்பை ஒப்புக்கொண்ட ஓவியர், அதைத் திருத்த மட்டும் கூடாதென்கிறார். நாற்பது வருஷ சர்வீஸ் போட்ட விரலாயிற்றே, சும்மா அனுப்ப முடியுமா?'

ஊரே சிரித்தது. பதிப்பகமும் சிரித்துவிட்டு, நாற்பத்தொரு படத்திலும் விரலைக் கம்ப்யூட்டரில் துடைத்துவிட்டது. புதுப் பதிப்பின் உள்பக்கத்தில் சல்லடைக்கு நன்றி வேறு.

முதல் பிரதியை அவரே ஓவியர் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். ஒரு கை ஸ்வெட்டர் பைக்குள் இருந்தது.

"அப்பா தூங்கறார். நீங்க?"

சொன்னார்.

"ஓ, நீங்கதானா! உங்க பத்தியை நான்தான் அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். மீசைக்கு உரம்னு எழுதியிருந்தீங்களே, அதுக்கு ரெண்டு தடவை சிரிச்சார்."

சல்லடைக்குப் பெருமை தாங்கவில்லை. "புதுப் பதிப்பு வந்துடுச்சும்மா. பிழையெல்லாம் சுத்தமா எடுத்தாச்சு."

இடது கையால் வாங்கி மேஜைமேல் வைத்துப் புரட்டினாள். நிதானமாக, ஒரு பக்கம் விடாமல். புயல்கரன் வலது கையை விரித்து, இடியும் பாலத்தைத் தாங்கும் படம் வந்தபோது நிறுத்திக்கொண்டாள்.

"ஏழு வயசுல நான் மூணு வாரம் ஸ்கூலுக்குப் போகல சார். அடிச்சும் பார்த்தாங்க, கெஞ்சியும் பார்த்தாங்க. இந்த இதழ் வந்த அன்னிக்கு நானே பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன். கிளாஸ்ல எல்லாரும் வரிசையில நின்னு என் கையைத் தொட்டுப் பார்த்தாங்க."

பையிலிருந்த கையை எடுத்துப் படத்தின் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

பழக்கதோஷம். சல்லடை எண்ணினார். நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று என்று எண்ணத் தெரிந்தவருக்கு, ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

"அப்பா... போன்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"சொன்னா நீங்க எழுதுவீங்க. என் கை பேப்பர்ல வரவேண்டாம்னுதான் தப்புன்னு ஒத்துக்கிட்டார்."

"நான் பதிப்பகத்துல பேசறேன். அடுத்த அச்சுல..."

"பரவாயில்ல சார்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. "யாரும்மா அது? புக் வந்துடுச்சா? விரலை விட்டு வச்சிருக்கானா பாரு!"

அவள் புத்தகத்தை மூடினாள். உதட்டில் விரல் வைத்துச் சல்லடையைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"அப்பாவுக்கு இப்பல்லாம் கண்ணு தெரியறதில்ல" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"ஆறும் இருக்குப்பா!"