நூற்றுக்கு நூறு

எந்தக் கிருமி எந்த மருந்துக்குச் சாகும் என்று இயந்திரம் பத்தே நிமிடத்தில் சொல்லிவிடும். மறுநாள் அதே கிருமியை மருந்தோடு வளர்த்த தட்டைத் திறந்து பார்த்து, இயந்திரம் சொன்னது 'சரி' அல்லது 'தவறு' என்று திரையில் கட்டைவிரலை வைப்பதுதான் பூங்கோதையின் வேலை. அதை வைத்துத்தான் இயந்திரத்தின் மதிப்பெண் ஆய்வக வாசலில் ஒளிரும். நான்கு வருடமாக அவள் தட்டைத் திறக்காமலே 'சரி' வைத்துவந்தாள்.

"நூத்துக்கு நூறுன்னு போட்டிருக்கே, அப்புறம் ஏம்மா எம்மகனுக்குக் காய்ச்சல் எறங்கல?" என்று வந்து நின்றார் செய்யதம்மாள்.

காலையில் 'சரி' வைத்த அவர் மகனின் தட்டை இப்போதுதான் திறந்தாள் பூங்கோதை. நடுவில் வைத்த மருந்து வில்லையை ஒட்டியே கிருமி சாகாமல் மண்டிக் கிடந்தது. மருந்தை மாற்றச் சொல்லி டாக்டரை அழைத்தாள்.

"மிஷின் என்ன பண்ணும், பாவம். எம்புள்ள ஒடம்புதான் சரியில்ல போல" என்றார் செய்யதம்மாள்.

பூங்கோதை கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.